பெலகொண்டபள்ளியில் செய்த விமானம்

2004ஆம் ஆண்டு பிப்ரவரி 9ஆம் தேதி கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. அதுவரை ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளி எல்லாமே தருமபுரி மாவட்டம்தான். ஆகவே இப்படிச் சொல்வதில் தப்பில்லை: இந்தியாவில் தனியார் துறையில் முதன்முதலாக விமானம் செய்த தொழிற்சாலை தருமபுரி மாவட்டத்தில் இருந்தது. ஓசூரிலிருந்து தளி போகும் சாலையில் பெலகொண்டபள்ளி என்று ஒரு கிராமம். 1994இல் தொடங்கப்பட்ட தனேஜா ஏரோஸ்பேஸ் அண்ட் ஏவியேஷன் என்ற நிறுவனம் அங்கே ஏறக்குறைய 7000 அடி நீளத்துக்கு ஓடுதளம் போட்டது. பக்கத்தில் ஹேங்கர்கள். அதற்குள் ஆறு பேர் உட்காரக்கூடிய, இரண்டு எஞ்சின் வைத்த பி68சி என்ற இத்தாலிய விமானத்தை உரிமம் வாங்கிச் செய்தார்கள்.

சின்ன வயதில் இதை எனக்குச் சொன்னவர் தேன்கனிக்கோட்டையில் இருந்த பெரியப்பா. "நம்ம தளி ரோட்ல ப்ளேன் செய்யறாங்கடா" என்பார். வீட்டில் யாரும் நம்பவில்லை. பெரியப்பா யானைக் கதைகளும் சொல்வார், அதில் பாதி பொய் என்று எல்லோருக்கும் தெரியும். சித்தப்பா ஒருமுறை பொறுக்கமாட்டாமல், "செய்யல அண்ணா, ரிப்பேர் பண்றாங்க, அவ்ளோதான்" என்றார். எங்களுக்குத் தருமபுரி என்றால் மாங்காய் மண்டி, புளி, ராகி, மழை பொய்த்த வருஷங்கள், விடியற்காலையில் கட்டட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு பெங்களூருக்குப் போகும் வண்டிகள். விமானம் என்பது அந்தப் பட்டியலில் எங்கேயும் ஒட்டவில்லை. இன்ஜினியரிங் படிக்கும்போதுதான் பெரியப்பா சொன்னது உண்மை என்று தெரிந்தது. சித்தப்பா சொன்னதும் பிற்பாடு உண்மையாகிவிட்டது. அது எப்படி ஆனது என்பதுதான் நான் இங்கே எழுத வந்தது.

பி68 மோசமான விமானம் கிடையாது. நேப்பிள்ஸ் நகரத்து பார்ட்டெனாவியா நிறுவனத்துக்காக லூயிஜி பாஸ்காலே வடிவமைத்தது, 1970இல் முதலில் பறந்தது. இறக்கை தலைக்கு மேலே இருப்பதால் கீழே பார்ப்பதற்குத் தோது. கண்காணிப்பு, வான்வழிப் படப்பிடிப்பு, பயிற்சி எல்லாவற்றுக்கும் உலகம் முழுக்கப் பயன்பட்டது. ஆனால் 1990களின் இந்தியாவில் இதை யார் வாங்குவார்கள்? சொந்த விமானம் வைத்துக்கொள்ளும் ஆட்கள் சொற்பம். பிஸ்டன் எஞ்சினுக்கு ஏவ்காஸ் என்ற தனி பெட்ரோல் வேண்டும், அது எல்லா விமான நிலையத்திலும் கிடைக்காது. போதாக்குறைக்கு, உரிமம் கொடுத்த பார்ட்டெனாவியாவே அதே பத்தாண்டில் நொடித்துப்போய் வேறு கைக்கு மாறியது. பெலகொண்டபள்ளியில் அடுத்து என்.ஏ.எல். வடிவமைத்த இரண்டு இருக்கை ஹன்சா பயிற்சி விமானங்களைச் செய்தார்கள். அப்புறம் மற்றவர்களின் விமானங்களுக்குப் பாகங்கள், இஸ்ரோவின் ராக்கெட்டுகளுக்குக் கட்டமைப்புகள், ஏர்லைன் விமானங்களுக்குப் பராமரிப்பு என்று தொழில் மாறிக்கொண்டே போனது. முழு விமானம் செய்யக் கிளம்பிய இடம் பாகம் செய்யும் இடமாகவும் பழுது பார்க்கும் இடமாகவும் ஆகிவிட்டது. சித்தப்பா ஜெயித்துவிட்டார்.

ஒரு கம்பெனியின் கதையாகப் பார்த்தால் இது சின்ன விஷயம். இந்தியா பயணிகள் விமானம் செய்ய எடுத்த எல்லா முயற்சிகளையும் வரிசையாக வைத்துப் பார்த்தால், பெலகொண்டபள்ளி அதன் சின்ன மாதிரி வடிவம் போலத் தெரிகிறது. செய்யத் தெரிகிறது. ஒன்று, இரண்டு செய்கிறோம். பறக்கவும் பறக்கிறது. அதற்குப் பிறகு என்ன என்ற இடத்தில் கதை நின்றுவிடுகிறது.

1940 டிசம்பர் 23 அன்று வால்சந்த் ஹிராசந்த் மைசூர் சமஸ்தானத்தின் துணையோடு பெங்களூரில் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தைப் பதிவு செய்தார். அடுத்த ஆண்டே ஒரு ஹார்லோ விமானத்தைப் பாகங்களிலிருந்து பூட்டிப் பறக்கவிட்டார்கள். எம்ப்ரேயர் பிறக்க இன்னும் 29 வருஷம், ஏர்பஸ் பிறக்க 30 வருஷம் இருந்தது. போரில் அரசு அந்த ஆலையைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. அன்றிலிருந்து இந்தியாவில் விமானம் செய்வது என்றால் ராணுவ வேலை என்று ஆகிப்போனது. இன்றைக்கும் எச்.ஏ.எல். பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழேதான் இருக்கிறது.

பயணிகள் விமானம் என்று உருப்படியாகச் செய்தது ஆவ்ரோ. இங்கிலாந்தின் எச்எஸ் 748. கான்பூரில் பூட்டிய முதல் விமானம் 1961 நவம்பர் 1 அன்று பறந்தது. இருபது வருஷத்துக்கும் மேலாக மொத்தம் 89 விமானங்கள் செய்தார்கள். அதில் இந்தியன் ஏர்லைன்ஸுக்குப் போனது 17. மீதி 72 விமானப்படைக்கு. சும்மா சொல்லக்கூடாது, 89 என்பது பெரிய எண். ஆனால் அந்த ஆலையிலிருந்து ஆவ்ரோவைவிடக் கொஞ்சம் நல்ல, கொஞ்சம் பெரிய, நாமே வரைந்த இரண்டாவது விமானம் வரவேயில்லை. அடுத்து கான்பூர் ஜெர்மனியின் டோர்னியர் 228க்கு உரிமம் வாங்கியது. 19 பேர் போகும் அந்த விமானம் நூற்றுக்கும் மேல் செய்யப்பட்டு, பெரும்பாலும் விமானப்படை, கடற்படை, கடலோரக் காவல்படைக்கே போனது. வாயுதூத் கொஞ்ச காலம் ஓட்டியது. அப்புறம் 2022 ஏப்ரலில்தான் அலையன்ஸ் ஏர் இந்தியாவில் செய்த டோர்னியரை திப்ரூகரிலிருந்து பாசிகாட்டுக்கு டிக்கெட் போட்டு ஓட்டியது. பழைய ஆவ்ரோக்களுக்குப் பதிலாக விமானப்படை வாங்குவது ஏர்பஸ் சி295. 2021இல் போட்ட ஒப்பந்தப்படி 56 விமானங்கள், அதில் 40 வதோதராவில் டாட்டா ஆலையில் செய்யப்படும். உரிமம் வாங்கிச் செய்த வெளிநாட்டு விமானம் கிழடானதும், அந்த இடத்துக்கு இன்னொரு வெளிநாட்டு விமானம்.

இப்போது கொஞ்சம் டூலூஸுக்குப் போய் வருவோம்.

ஏர்பஸ் 1970 டிசம்பரில் தொடங்கியபோது அதை யாரும் பெரிதாக மதிக்கவில்லை. உலகத்தின் பயணிகள் விமானச் சந்தை அமெரிக்காவின் போயிங், டக்ளஸ், லாக்ஹீட் கையில் இருந்தது. ஐரோப்பிய அரசுகள் சேர்ந்து செய்த ஏ300, 1972 அக்டோபரில் பறந்து, 1974இல் ஏர் பிரான்ஸில் சேவைக்கு வந்தது. அதற்குப் பின் வாங்க ஆளில்லை. எழுபதுகளின் நடுவில் செய்து முடித்த விமானங்கள், வால் பகுதியில் எந்த நிறுவனத்தின் பெயரும் இல்லாமல் வெள்ளையாக டூலூஸில் நின்றுகொண்டிருந்தன. இன்றைக்கு நாம் கோமாக்கைப் பார்க்கிற மாதிரிதான் அன்றைக்கு ஏர்பஸ்ஸைப் பார்த்தார்கள்: அரசாங்கப் பணத்தில் ஓடுகிற, வெளியே யாரும் வாங்காத விமானம்.

அந்தக் கெட்ட காலத்தில் அதை வாங்கிய சிலரில் ஒருவர் இந்தியன் ஏர்லைன்ஸ். 1976 கடைசியில் ஏ300 இந்தியாவில் உள்நாட்டுச் சேவைக்கு வந்துவிட்டது. அமெரிக்காவின் ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் நான்கு ஏ300களை ஆறு மாதம் சும்மா ஓட்டிப் பார்த்து, பிறகு 23 வாங்க ஒப்புக்கொண்டு ஏர்பஸ்ஸைக் கரையேற்றியது அதற்குப் பிறகுதான். எண்பதுகளிலும் அதே கதை. ஏ320 அப்போது கணினி வழியாகப் பறக்கும் புதுசு, அதை நம்பலாமா என்று உலகமே யோசித்துக்கொண்டிருந்தது. இந்தியன் ஏர்லைன்ஸ் 31 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. அதுமட்டுமில்லை. நம் ஓடுதளங்கள் அவ்வளவு எடை தாங்காது என்பதால் ஒரு காலுக்கு இரண்டு சக்கரத்துக்குப் பதிலாக நான்கு சக்கரம் வைத்துத் தரச் சொன்னோம். ஏர்பஸ் செய்து கொடுத்தது. வேறு யாருக்கும் அந்தக் கால் கிடையாது.

எனக்கு இந்த நான்கு சக்கர விஷயம் தெரியவந்தபோது கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். புது ஆட்டக்காரர் ஒருவரை வளர்ப்பது எப்படி என்று நமக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. தெரிந்திருக்கிறது. முதலில் வாங்க வேண்டும், குறை இருந்தால் மாற்றித் தரச் சொல்ல வேண்டும், மாற்றித் தந்தால் மறுபடி வாங்க வேண்டும். இதையெல்லாம் நாம் செய்தோம். டூலூஸுக்குச் செய்தோம்.

அதே காலத்தில் பிரேசில் என்ன செய்தது? இந்தியாவோடு ஒப்பிட அதைவிடப் பொருத்தமான நாடு இல்லை. ஏழை நாடு, கடன், அன்றைக்கு ராணுவ ஆட்சி. சாவோ ஜோசே டோஸ் காம்போஸில் விமானப்படையின் ஆராய்ச்சி மையம் ஒன்று, பெங்களூரின் என்.ஏ.எல். மாதிரி. அங்கே மேக்ஸ் ஹோல்ஸ்ட் என்ற பிரெஞ்சுக்காரரை வைத்து பாண்டெய்ராண்டே என்ற சின்ன விமானத்தை வரைந்தார்கள். 1968 அக்டோபர் 22 அன்று பறந்தது. கிட்டத்தட்ட நம்முடைய டோர்னியர் அளவு. அடுத்த ஆண்டு ஆகஸ்டில், ஆராய்ச்சி மையம் விமானம் விற்க முடியாது என்பதால் எம்ப்ரேயர் என்று தனி நிறுவனம் தொடங்கினார்கள். பிரேசில் விமானப்படை 80 விமானங்களுக்கு ஆர்டர் போட்டது. அந்த 80 எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. பறந்ததே முன்மாதிரிதான். இருந்தும் போட்டார்கள். முதல் 80ஐச் செய்ததில் கற்றதெல்லாம் அடுத்ததில் சேர்ந்தது. 1978இல் அமெரிக்கா விமானத் துறையைத் திறந்துவிட்டதும் சின்ன ஊர்களுக்குப் போகும் நிறுவனங்கள் சின்ன விமானம் தேடின. எம்ப்ரேயரிடம் கைவசம் இருந்தது. 1990இல் நிறுத்தும்வரை ஏறக்குறைய 500 பாண்டெய்ராண்டே செய்தார்கள்.

எம்ப்ரேயரும் வழுக்கி விழுந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். 1990இல் அர்ஜென்டினாவோடு சேர்ந்து சிபிஏ 123 வெக்டர் என்ற 19 இருக்கை விமானத்தைப் பறக்கவிட்டார்கள். புரொப்பெல்லர் பின்பக்கம், முன்னேறிய வடிவமைப்பு, விலையோ யானை விலை. ஒருவரும் வாங்கவில்லை. கம்பெனி திவாலாகும் நிலைக்கு வந்து 1994 டிசம்பரில் தனியாருக்கு விற்கப்பட்டது. ஆனால் அந்த ஆலையில் ஆட்கள் இருந்தார்கள், பழக்கம் இருந்தது. 1995இல் 50 இருக்கை ஈஆர்ஜே 145 பறந்தது, விற்றது, நிமிர்ந்துவிட்டார்கள். நம் டிஆர்டிஓ செய்த நேத்ரா வான்கண்காணிப்பு ரேடார் எந்த விமானத்தின் முதுகில் ஏறிப் பறக்கிறது தெரியுமா? அந்த 145 மேல்தான்.

வெக்டரைப் பற்றி இவ்வளவு சொன்னதற்குக் காரணம் உண்டு. புரொப்பெல்லரைப் பின்னால் வைத்த இன்னொரு விமானம் பெங்களூரில் உருவாகிக்கொண்டிருந்தது. சாரஸ்.

என்.ஏ.எல். எண்பதுகளில், ரோத்தம் நரசிம்மா இயக்குநராக இருந்தபோது, சின்ன ஊர்களை இணைக்கும் ஒரு விமானம் நாமே செய்தால் என்ன என்று யோசிக்கத் தொடங்கியது. 14 பேர் போகும் விமானம். முதலில் ரஷ்யாவின் மியாசிஷ்சேவ் நிறுவனத்தோடு கூட்டு. சோவியத் உடைந்து அவர்களிடம் பணமில்லை, விலகிக்கொண்டார்கள். 1998இல் பொக்ரான் சோதனை, அமெரிக்கத் தடைகள், உதிரிபாகங்கள் வருவதில் தாமதம். 1999இல்தான் அரசு அனுமதி முறையாக வந்தது. 2004 மே 29 அன்று பெங்களூரில் பறந்தது. கிருஷ்ணகிரி பிரிந்த அதே வருஷம். இதன் பாகங்கள் சில பெலகொண்டபள்ளியிலும் செய்யப்பட்டவை.

சாரஸில் குறை இருந்தது. திட்டமிட்டதைவிட ஏறக்குறைய 900 கிலோ கூடுதல் எடை. 14 இருக்கை விமானத்துக்கு 900 கிலோ என்பது, வீட்டில் பத்து பேரை அதிகமாக ஏற்றிக்கொண்டு பைக்கில் போகிற மாதிரி. ஆனால் முதல் முன்மாதிரி கனமாக இருப்பது விமான உலகத்தில் அவமானம் இல்லை, கிட்டத்தட்ட வழக்கம். எடையைக் குறைத்து, பலமான எஞ்சின் போட்டு 2007 ஏப்ரலில் இரண்டாவது முன்மாதிரியைப் பறக்கவிட்டார்கள்.

2009 மார்ச் 6 அன்று அந்த இரண்டாவது விமானம் பெங்களூருக்கு வெளியே பிடதி அருகே விழுந்தது. விங் கமாண்டர் பிரவீன் கோடேகோப்பா, விங் கமாண்டர் தீபேஷ் ஷா, ஸ்குவாட்ரன் லீடர் இளையராஜா மூவரும் இறந்தார்கள். அன்று செய்த சோதனை, பறக்கும்போதே ஒரு எஞ்சினை அணைத்துவிட்டு மறுபடி உயிர்ப்பிப்பது. எல்லா இரட்டை எஞ்சின் விமானமும் தாண்டியாக வேண்டிய சோதனை இது. எஞ்சினை அணைத்தால் அதன் புரொப்பெல்லர் இறகுகளைக் காற்றுக்குப் பக்கவாட்டில் திருப்பி வைக்க வேண்டும். இல்லையென்றால் அது ஒரு பெரிய தட்டு மாதிரி காற்றைத் தடுத்து விமானத்தை ஒரு பக்கமாக இழுக்கும். திரும்ப உயிர்ப்பிக்கும் முறையை வடிவமைப்பாளர்கள் வகுத்துக் கொடுத்த விதம் தவறு, போதிய உயரமும் இல்லை என்று டிஜிசிஏ விசாரணை முடிவு சொன்னது. அதாவது விமானிகள் தங்களுக்குக் கொடுக்கப்பட்ட தாளில் இருந்ததைச் செய்தார்கள்.

நான் மென்பொருள் எழுதுகிறவன். எனக்கும் ஒரு தாளை எழுதிக் கொடுக்கும் வேலை உண்டு. இந்த இந்த வரிசையில் இதை நிறுத்து, இதைத் தொடங்கு என்று. அதில் தவறு வந்தால் ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு போன் வரும், திட்டு விழும், திருத்திவிட்டுத் தூங்கப் போவேன். அந்த விசாரணை முடிவைப் படித்த பிறகு, எழுதியவர் யாரோ அவர் எப்படித் தூங்கியிருப்பார் என்று யோசித்திருக்கிறேன்.

அதற்குப் பின் சாரஸ் நின்றது. வருஷக்கணக்கில் நின்றது. பொறியாளர்கள் வேறு வேலைக்குப் போனார்கள். மீண்டும் பறந்தது 2018 ஜனவரி 24. கிட்டத்தட்ட ஒன்பது வருஷம்.

இதே பெங்களூரில் இன்னொரு விபத்து நடந்திருக்கிறது. 1990 பிப்ரவரி 14, இந்தியன் ஏர்லைன்ஸின் புத்தம்புது ஏ320, 605ஆம் எண் விமானம், எச்.ஏ.எல். ஓடுதளத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே கோல்ஃப் மைதானத்தில் இறங்கி நொறுங்கியது. 146 பேரில் 92 பேர் இறந்தார்கள். நாடு கொதித்தது. அரசு எல்லா ஏ320களையும் தரையில் நிறுத்தியது. சில மாதங்கள். பிறகு பறக்கவிட்டது, இன்றைக்கு நம் வானத்தில் பறப்பதில் பெரும்பாலானவை அதன் வாரிசுகள். 2023இல் இண்டிகோ ஒரே ஆர்டரில் 500 வாங்கியது.

இரண்டையும் அப்படியே ஒப்பிடக் கூடாது என்று தெரியும். ஏ320 சான்றிதழ் வாங்கிய விமானம், விசாரணை விமானிகளின் பக்கம் தவறைச் சுட்டியது. சாரஸ் முன்மாதிரி, தவறு வடிவமைப்பின் பக்கம். ஆனாலும் ஒன்று மட்டும் உறுத்துகிறது. ஏ320க்குப் பின்னால் ஒரு வாடிக்கையாளர் இருந்தார். பணம் கட்டி வாங்கிய விமானங்களை எத்தனை நாள் சும்மா நிறுத்தி வைக்க முடியும்? நிறுத்தினால் நஷ்டம், ஆகவே யாரோ ஒருவர் தினமும் போன் போட்டு "என்ன ஆச்சு" என்று கேட்டிருப்பார். சாரஸ் நின்றபோது யாருடைய பிழைப்பும் கெடவில்லை. அதை வாங்கக் காத்திருந்த ஒரு ஏர்லைன் கிடையாது. செய்தது அறிவியல் அமைச்சகத்தின் கீழ் உள்ள ஆய்வகம், பெரிய அளவில் செய்ய வேண்டிய எச்.ஏ.எல். பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ், ஓட்ட வேண்டிய ஏர்லைன்ஸும் சான்றிதழ் தரும் டிஜிசிஏவும் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ். மூன்று வீட்டுப் பிள்ளை, யாரும் சோறு போடவில்லை.

வாங்க ஆள் இருந்தால் மட்டும் போதுமா என்றால், போதாது. ஜப்பானைப் பாருங்கள். போயிங் 787இன் கார்பன் இறக்கையைச் செய்வது நாகோயாவில் மிட்சுபிஷி. விமானத்தின் மிகக் கஷ்டமான பாகத்தையே செய்கிறவர்கள். 2008இல் சொந்தமாக ஒரு ரீஜனல் ஜெட் தொடங்கினார்கள். ஆர்டர்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன. 2015 நவம்பரில் பறந்தது. ஆனால் சான்றிதழ்? வயர்கள் போகும் பாதையையும் மின்னணுப் பெட்டிகள் வைத்த இடத்தையும் நடுவழியில் மாற்ற வேண்டியதாயிற்று. தேதியைத் திரும்பத் திரும்பத் தள்ளிவைத்தார்கள், ஸ்பேஸ்ஜெட் என்று பெயரை மாற்றினார்கள், 2023 பிப்ரவரி 7 அன்று மொத்தமாக மூடினார்கள். இறக்கை செய்யத் தெரிவதும் விமானம் செய்யத் தெரிவதும் வேறு வேறு.

என் தொழிலிலிருந்து ஒரு உதாரணம் சொன்னால் புரியும். விமானத்துக்கான மென்பொருளுக்கு டிஓ-178சி என்று ஒரு விதிமுறை. ஒவ்வொரு வரி நிரலும் எந்தத் தேவைக்காக எழுதப்பட்டது, எந்தச் சோதனை அதைச் சரிபார்த்தது என்று நூல் பிடித்த மாதிரி காட்ட வேண்டும். காட்ட முடியாத வரி இருந்தால், அது சரியாக ஓடினாலும் தப்புதான். மொத்த விமானத்துக்கும் இதே கதை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை ஒருமுறை செய்து முடித்த ஆள்தான் இரண்டாவது முறை வேகமாகச் செய்வார். ஜப்பானில் அப்படி ஒருமுறை செய்தவர்கள் அறுபதுகளில் ஒய்எஸ்-11 செய்தவர்கள். அவர்கள் ஓய்வு பெற்று எவ்வளவோ காலமாகிவிட்டது. நமக்கும் இதுதான். ஒன்பது வருஷம் ஒரு திட்டத்தை நிறுத்தினால் நிற்பது விமானம் மட்டுமில்லை, ஆட்கள் கலைந்துவிடுகிறார்கள்.

இந்தோனேசியாவின் கதை கொஞ்சம் சோகம். ஹபீபி ஜெர்மனியில் விமானம் படித்துவிட்டு வந்து பாண்டுங்கில் ஆலை நடத்தி, 1995 ஆகஸ்ட் 10 அன்று 50 இருக்கை என்250 விமானத்தைப் பறக்கவிட்டார். அதற்குப் பெயர் கடோத்கஜன். பறக்கத் தெரிந்த பீமன் மகன்! 1998 ஜனவரியில் பொருளாதாரம் சரிந்து, ஐஎம்எஃப் கடன் கொடுக்க வந்தபோது போட்ட நிபந்தனைகளில் விமானத் திட்டத்துக்குக் காசு கொடுக்கக் கூடாது என்பதும் ஒன்று. கடோத்கஜன் அதோடு சரி.

சீனா மட்டும்தான் இப்போது களத்தில் நிற்கிறது. அவர்களும் முதலில் தோற்றவர்கள்தான். 1980இல் ஒய்-10 என்று பெரிய ஜெட்டைப் பறக்கவிட்டு, வாங்க ஆளில்லாமல் கைவிட்டார்கள். 2008இல் கோமாக்கைத் தொடங்கினார்கள். முதலில் செய்த ஏஆர்ஜே21 சுமாரான விமானம், வருஷக்கணக்கில் தாமதம். ஆனாலும் சீன ஏர்லைன்ஸ்கள் வாங்கி ஓட்டின, ஓட்டித்தான் ஆக வேண்டும். அதில் கற்ற ஆட்களை வைத்து சி919. 2017 மே மாதம் பறந்தது, 2023 மே 28 அன்று ஷாங்காயிலிருந்து பெய்ஜிங்குக்கு டிக்கெட் வாங்கிய பயணிகளோடு போனது. எஞ்சின் இன்னும் அவர்களுடையது இல்லை. 2025 நடுவில் அமெரிக்கா அந்த எஞ்சின் ஏற்றுமதியைச் சில வாரம் நிறுத்திக் காட்டியது. ஐரோப்பாவின் சான்றிதழும் கையில் இல்லை. அதற்காகச் சீனாவைப் பார்த்து அப்படியே செய் என்று நான் சொல்ல மாட்டேன். ஏர்லைன் எதை வாங்க வேண்டும் என்று அரசு உத்தரவு போடும் நாட்டில் டிக்கெட் வாங்கி உட்காருகிறவருக்கு வேறு வழி இல்லை. ஆனால் சுமாரான முதல் விமானத்தை வாங்கிய ஒருவர் அங்கே இருந்தார் என்பதை மறைக்கவும் முடியாது.

நாம் இப்போது பாகங்கள் செய்கிறோம். ஏ320இன் சரக்குக் கதவுகள் டாட்டாவிடம், ஏ220இன் கதவுகள் பெங்களூரின் டைனமேட்டிக்கிடம். என்னோடு படித்த நாலைந்து பேர் தினமும் காலையில் லேப்டாப்பைத் திறந்து ஏதோ ஒரு போயிங்கின், ஏதோ ஒரு ஏர்பஸ்ஸின் ஏதோ ஒரு மூலையைச் சரிபார்க்கிறார்கள். நல்ல வேலை, நல்ல சம்பளம். அதில் ஒருவனிடம் சாரஸ் பற்றிக் கேட்டேன். "அது இன்னும் ஓடுதா?" என்றான். 19 இருக்கையோடு சாரஸ் மார்க் 2 வரைந்துகொண்டிருக்கிறார்கள், விமானப்படை முதலில் 15 வாங்குவதாகச் சொல்லியிருக்கிறது என்றேன். "பதினஞ்சா?" என்று சிரித்தான். 80 போட்ட பிரேசிலைப் பற்றி அவனிடம் நான் சொல்லவில்லை. 2025 அக்டோபரில் எச்.ஏ.எல். மாஸ்கோவில் ரஷ்யர்களோடு இன்னொரு புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டிருக்கிறது, சூப்பர்ஜெட்டின் புது வடிவத்தை இங்கே செய்வதற்கு. மறுபடி உரிமம்.

ஓசூருக்கு விமானம் வேறு வழியில் வரப் பார்க்கிறது. 2024 ஜூன் 27 அன்று தமிழ்நாடு சட்டமன்றத்தில் முதல்வர் ஸ்டாலின், ஓசூரில் 2000 ஏக்கரில், ஆண்டுக்கு மூன்று கோடிப் பேர் வந்துபோகும் சர்வதேச விமான நிலையம் அமைக்கப்படும் என்று அறிவித்தார். பெங்களூரு விமான நிலைய ஒப்பந்தத்தில் 150 கிலோமீட்டர் சுற்றளவில் 2033 வரை வேறு நிலையம் கூடாது என்று ஒரு விதி இருக்கிறது. பெலகொண்டபள்ளி ஓடுதளத்திலிருந்து பயணிகள் விமானம் ஓட்ட முன்பு எடுத்த முயற்சிக்கும் அந்த விதிதான் குறுக்கே நின்றது.

பொங்கலுக்குப் போனபோது பெரியப்பாவிடம் இந்த அறிவிப்பைச் சொன்னேன். அவருக்கு இப்போது காது கொஞ்சம் மந்தம். இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. சித்தப்பா பக்கத்தில் இருந்தார், ஒன்றும் சொல்லவில்லை.

"ரெண்டாயிரம் ஏக்கராவா?" என்றார் பெரியப்பா. "யார் காடு?"